மாதா பெட்டியில் பிறந்தது

எங்கள் மில் காலனியில் பிள்ளை பெற்ற பெண்களுக்கெல்லாம், பெற்ற பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் கட்டி, திருப்பூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆன பிறகு, ஒரு செப்டம்பர் மாதக் கடைசியில், திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, மறுபடியும் பால் சுரந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்குச் சுரந்தது, துணி அலசிக்கொண்டிருந்தவளுக்குச் சுரந்தது, தம்பி மகனுக்குப் பெண் பார்க்கப் போய் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தவளுக்கு அங்கேயே சுரந்தது. அது ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. ஆண்டவர் கொடுப்பதையும் எடுப்பதையும் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அது என் வீட்டுப் பரணில் ஆரம்பித்தது, நான் வைத்த அட்டையில் ஆரம்பித்தது, அதனால் சொல்ல வேண்டியவள் நான்தான்.

மில்லை மூடிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. காலனி மட்டும் நிற்கிறது. இந்தப் பக்கம் பதினொன்று, எதிர்ப்பக்கம் பதினொன்று, மொத்தம் இருபத்திரண்டு வீடுகள். எல்லாம் மில்காரர்கள் ஒரே அளவில் கட்டிக் கொடுத்தவை. எல்லோரும் கத்தோலிக்க வேதக்காரர்கள். எங்கள் தெருவுக்கென்று ஒரு ஜெபக் குழு உண்டு, அன்பியம் என்போம். அதற்குப் பதினொரு வருஷமாக நான்தான் தலைவி. அதிகம் படித்தவள் இல்லை, எட்டாவதுதான், ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். அக்டோபர் ஜெபமாலை மாதம். அந்த மாதம் முழுக்க மாதா சுரூபம் கண்ணாடிப் பெட்டியோடு தினம் ஒரு வீட்டுக்குப் போகும், அன்று அந்த வீட்டில் விளக்கு, பூ, ஜெபமாலை, முடிவில் சுண்டல். எந்த நாள் எந்த வீடு என்று நோட்டில் பட்டியல் எழுதுவது என் வேலை. முப்பத்தொரு நாள், இருபத்திரண்டு வீடு. ஆனால் நான் எழுதியது இருபத்தொரு வீடு. மீந்த பத்து நாளுக்கு டீச்சர் வீடு, உபதேசியார் வீடு, என் வீடு என்று இரண்டாம் சுற்று வரும். அப்போதும் பதினேழாம் நம்பர் வீட்டுக்கு ஒரு நாள் மிஞ்சாது.

பதினேழாம் நம்பரில் அருளாயி இருந்தாள். அவள் வீட்டுக்காரர் இன்னாசி கமிஷன் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். கல்யாணமாகி இருபது வருஷம், பிள்ளை இல்லை. நான் தலைவியான முதல் வருஷம் ரெஜினா டீச்சர் என் காதருகே குனிந்து, அவள் வீடு சின்னது பிலோமி, கூட்டம் கொள்ளாது என்றார். நான் தலையாட்டினேன். அவள் வீடும் எங்கள் வீடுகளும் ஒரே அளவு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் எழுதினேன், நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

அருளாயிக்கு ஒரு வேலை மட்டும் கொடுத்திருந்தோம். செப்டம்பர் கடைசியில் பரணிலிருந்து மாதா பெட்டியை இறக்கும்போது அவள் வந்து கண்ணாடி துடைப்பாள். பழைய பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் கண்ணாடி இருப்பதே தெரியாத மாதிரி ஆகிவிடும். துடைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். பெட்டி மற்ற வீடுகளுக்குப் போகும்.

அந்த வருஷம் பெட்டியை இறக்குவதற்கு நாலு நாள் முன்பிருந்து பரணில் எதுவோ ஓடுகிற சத்தம். நான் கடையில் எலி ஒட்டுகிற பசை அட்டை வாங்கி வைத்தேன். சனிக்கிழமை விடியும்போது ஒரு சுண்டெலி அதில் ஒட்டிக்கொண்டது. நாலு காலும் வயிறும் ஒட்டி, தலையை மட்டும் தூக்கித் தூக்கிக் கத்தியது. நான் அதைக் கொல்லவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. ஜீவனைக் கையால் கொல்ல மனசு வரவில்லை என்று பெரிய இரக்கக்காரி மாதிரி அப்படியே விட்டுவிட்டு, அது கத்தக் கத்தக் கீழே உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். சாயந்திரம் சத்தம் நின்றது. அட்டையை மடித்துக் குப்பை வண்டியில் போட்டேன். அதன் மார்க்காம்புகள் பசையில் பதிந்திருந்ததை மடிக்கும்போது பார்த்தேன். பார்த்தும் மடித்தேன்.

திங்கட்கிழமை பெட்டியை இறக்கியபோது நானும் ரெஜினா டீச்சரும் அருளாயியும் இருந்தோம். மாதாவின் நீலச் சாட்டின் அங்கியைக் கழற்றினால், உள்ளே பஞ்சும் நூலும் கிழிந்த பாட்டுப் புத்தகத் தாளும் சேர்த்துக் கட்டிய ஒரு கூடு, அதில் அவரைக்கொட்டை அளவில் ஆறு குஞ்சுகள். கண் திறக்காத, மயிர் முளைக்காத, ரோஜா நிறத்துக் குஞ்சுகள். ஐந்து விறைத்திருந்தன. ஒன்று மட்டும் அசைந்தது.

டீச்சருக்கு அங்கி ஓட்டையானதுதான் முதலில் கண்ணில் பட்டது. மாதா பாவாடையில மூத்திரம் பேஞ்ச சனியன், சாக்கடையில கழுவி விடுங்க பிலோமி என்றார். நான் முறத்தை எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அருளாயி அதைத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்திருந்தாள். அது குளிர்ந்திருந்தது என்று வாயருகே வைத்து ஊதினாள். அவள் ஊத ஊத அது மெல்ல வாயைத் திறந்தது. சத்தம் எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. அந்த நிமிஷம்தான் என் ரவிக்கை நனைந்தது. டீச்சர் தன் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அருளாயி எங்களைப் பார்க்கவில்லை. அவள் ரவிக்கை காய்ந்தே இருந்தது.

அதற்குப் பிறகு எலிக்குஞ்சுக்குப் பசிக்கும்போதெல்லாம் எங்களுக்குச் சுரந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதற்குப் பசிக்கும். முதல் நாள் அழுதோம், இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம், மூன்றாம் நாள் பழகிவிட்டோம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி நர்சம்மா சத்து மாத்திரை கொடுத்தாள். கோயம்புத்தூரில் நர்சாக இருக்கிற என் மகள் ஜெசி போனில் ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன், ஸ்கேனில் ஒன்றுமில்லை, நனைந்தது ரவிக்கைதான். பங்குச்சாமி பூசையில், தண்ணீர் திராட்சரசமான கானாவூர்க் கல்யாணத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார், பிரசங்கம் முழுக்கக் கூரையைப் பார்த்தே பேசினார். பால் வற்ற மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வைத்தியம், அதனால் வீட்டுக்கு வீடு பூ வாங்கினோம். எந்த வீட்டில் விசேஷம், எனக்குச் சொல்லவே இல்லையே என்று பூக்காரர் குறைபட்டுக்கொண்டார். தையல்காரர் ரவிக்கைக்கு இரட்டை உள்துணி வைக்கப் பழகிக்கொண்டார். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது எங்கள் காலனிப் பெண்கள் மட்டும் ஒரே நேரத்தில் கையைக் குறுக்கே கட்டிக்கொள்வார்கள். மணி பன்னிரண்டேகால் ஆச்சு போல என்று கடைக்காரர் கடிகாரத்தைச் சரி பார்த்துக்கொள்வார்.

பூவுக்குப் பால் வற்றவில்லை. கட்டிக்கொண்டு வலித்தால் பீய்ச்சி ஊற்ற வேண்டும். தாய்ப்பாலில் யார் காலும் படக்கூடாது என்று எங்கள் அம்மாமார் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் எங்கள் கொல்லைகளுக்குப் பின்னால் சுவரோரம் நின்ற முருங்கைமரத்தின் வேரில், யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து, சிலுவை போட்டு ஊற்றினோம். அவ்வளவு மரியாதை எங்களுக்கு. இருபத்தொரு வீட்டுப் பாலை முருங்கைமரம் குடித்தது.

பதினேழாம் நம்பரில் குஞ்சு செத்துக்கொண்டிருந்தது.

அருளாயி அதைக் கொட்டாங்கச்சியில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டு, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைப் பக்கத்தில் அணைத்து வைத்திருந்தாள். விளக்குத் திரியை ஊசி முனை மாதிரி முறுக்கிப் பசும்பாலில் நனைத்து அதன் வாயில் வைப்பாள், அது திரியைச் சப்பும். சப்பி முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவி விடுவாள், இல்லையென்றால் அதற்கு மூத்திரம் போகாது. தாய் நாக்கால் செய்கிற வேலை அது. அதன் தோல் அவ்வளவு மெலிசு, குடித்த பால் வயிற்றுக்குள் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். ஆனால் பசும்பால் சேரவில்லை. வயிறு உப்பி, தோல் கறுத்துக்கொண்டு வந்தது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொட்டாங்கச்சியோடு போனாள். அங்கே இருந்த டாக்டர் சிரிக்காமல் பார்த்துவிட்டு, தாய்ப்பால் இல்லையென்றால் நாளை மறுநாள் தாண்டாதும்மா என்றாராம்.

புதன்கிழமை ஜெபக் கூட்டம் டீச்சர் வீட்டில். ஜெபம் முடிந்து காபி வந்தபோது அருளாயி எழுந்து நின்றாள். பதினொரு வருஷத்தில் அவள் எதுவும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

"அரைப் பாலாடை போதும்" என்றாள். "எங்கிட்ட பாலாடையும் இல்ல, பாலும் இல்ல. கீழ ஊத்துறதுல யாராவது ஒரு வாய் குடுத்தா அது பொழச்சிக்கும்."

 ரெஜினா டீச்சர்தான் பேசினார். "எம் மூணு புள்ளைங்க குடிச்ச பாலு அருளாயி. ஒருத்தன் இன்ஜினியரு. அதக் கொண்டுபோயி எலி வாயில ஊத்தவா?" பிறகு காபியை உறிஞ்சிவிட்டு, "அது சரி, ஞானஸ்நானம் எப்ப? சொல்லு, மொட்டை போட்டு காது குத்திருவோம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயை மூடிக்கொண்டு சிரித்தேன், ஆனால் சிரித்தேன். அருளாயி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனாள். அப்போது மணி நாலேகால். எங்கள் பன்னிரண்டு பேருக்கும் அங்கே உட்கார்ந்தபடியே சுரந்தது. அது எதற்காகச் சுரக்கிறது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். எந்தத் தாய்க்கும் அது தெரியாமல் இருக்காது. எழுந்து வரிசையாகக் கொல்லைக்குப் போய் முருங்கைவேரில் ஊற்றினோம்.

நான் ஊற்றும்போது எனக்கு உடம்பு சுட்டது. முதலில் காய்ச்சல் என்று நினைத்தேன். கோபம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது, ஏனென்றால் எனக்கு அது வந்து பழக்கமில்லை. என் பிள்ளைகளை நான் அடித்ததில்லை, அவர்கள் அப்பா குடித்துவிட்டு வந்த நாட்களில்கூடச் சோற்றைப் போட்டுவிட்டு ஜெபம் சொல்லப் போய்விடுவேன். சாந்தமானவள் என்று பெயர். அன்று மரத்தடியில் நின்றுகொண்டு, சாந்தம் என்று ஊர் சொன்னதெல்லாம் என்ன என்று பார்த்தேன். ஒருவரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது, பேசாமலே அருளாயி வீட்டை விட்டுவிட்டு எழுதியது, அட்டையில் ஒட்டியது கத்தும்போது ஜெபமாலை சொன்னது. நான் யார்மேல் கோபப்பட்டேன் என்றால், முதலில் என்மேல். ஆனால் என்மேல் மட்டும் என்று சொன்னால் பொய்.

மறுநாள் காலையில், என் பிள்ளைகளுக்கு ஊட்டிய பாலாடையைத் தேடி எடுத்து, கழுவி, நிறையப் பீய்ச்சிக்கொண்டு பதினேழாம் நம்பருக்குப் போனேன். அருளாயி கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"யாரு பாலு?" என்றாள்.

"என் பாலுதான்."

"அதோட ஆத்தாளும் இப்படித்தான் கொண்டு வந்திருப்பா. நீங்க ஒட்டிப் போட்டீங்க. பகல் முழுக்கக் கத்துச்சுன்னு நீங்களே சொன்னீங்க, கரண்டு போயிருச்சுன்னு சொல்ற மாதிரி."

நான் பாலாடை சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"வருஷா வருஷம் நாந்தான் கண்ணாடி தொடைக்கிறேன். உள்ள இருக்கவள எல்லா வீட்டுக்கும் தூக்கிட்டுப் போறீங்க. எம் புருசன் கேப்பாரு, மாதா நம்ம வீட்டுக்கு என்னைக்கு வருவான்னு. நான் என்னன்னு சொல்லுவேன்? வீடு பத்தாதுன்னா? எனக்கு அழுகை வராதுக்கா. ஆத்திரந்தான் வரும்."

"இந்த வருஷம் உன் வீட்டையும் எழுதிடுறேன், அருளாயி."

"மாதா வந்தா வரட்டும். நீங்க எழுதி அனுப்பி வர வேணாம்." கையை நீட்டிப் பாலாடையை வாங்கினாள். "குஞ்சு குடிக்கும். அதுக்குத் தெரியாது பாருங்க, யாரு குடுத்ததுன்னு."

கதவைச் சாத்திவிட்டாள். ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். திரியை நனைத்து வைத்தாள், அது முன்னங்கால் இரண்டாலும் திரியைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சியது, கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றில் வெள்ளைப் பட்டை தெரிந்தது. அன்றிலிருந்து இரண்டு மணிக்கொரு தடவை வாசலில் பாலாடையை வைத்துவிட்டு வந்தேன். மூன்று நாளில் காது விரிந்தது, முதுகில் சாம்பல் நிறத்தில் பூனைமயிர் அரும்பியது.

விஷயம் தெரிந்துவிட்டது. அது சாகாதவரை நமக்கு இந்தச் சீக்கு நிற்காது என்று டீச்சர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மகனுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முன்னால் இந்தக் கோலத்தில் எப்படி நிற்பது என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமாகத்தான் எல்லோருக்கும் பட்டது. சூசை உபதேசியார் நல்ல மனுஷர், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறவர், அவரும் பொது நன்மை என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், நன்மை அப்பம் வாங்கிய வாயோடு, எட்டு ஆண்களும் நாலு பெண்களுமாகப் பதினேழாம் நம்பருக்குப் போனார்கள். டீச்சர் வீட்டுக்காரர் அந்தோணிராஜ் கையில் ஒரு புதுப் பசை அட்டை.

நான் பட்டியல் நோட்டும் கையுமாக ஓடிப் போய் வாசலை மறித்து நின்றேன். அருளாயி எனக்குப் பின்னால் கொட்டாங்கச்சியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இன்னாசி அன்றைக்கும் லோடு ஏற்றப் போயிருந்தார்.

உபதேசியார் தணிந்த குரலில் தங்கச்சி, தங்கச்சி என்று ஆரம்பித்து, ஒரு எலிதானே, இத்தனை குடும்பங்களின் மானம் அல்லவா என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் முடிக்கட்டும் என்றுதான் இருந்தேன். முடிக்கவில்லை. என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதுசாக இருந்தது.

"பன்னெண்டு பேரு வந்திருக்கீங்களே உபதேசியாரே. உள்ள வாங்க. எல்லாரையும் கொள்ளும். எலியக் கொல்லணும்னா இந்த வீட்டுல எடம் இருக்கும், ஜெபமாலைக்குத்தான் எடம் இருக்காது."

டீச்சர் என் கையைப் பிடித்தார். உதறினேன்.

"பிள்ளையில்லாத வீட்டுல மாதா ஒருநாள் தங்கினா, மறுநாள் நம்ம வீட்டுக்கு ராசியில்லாம வருவான்னு சொன்னது யாரு டீச்சர்? நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன். மாதாவையே ஒரு வீடு கெடுத்துரும்னு நம்பினோம்ல, அப்புறம் என்னத்துக்கு அவகிட்ட முட்டி போட்டு வேண்டுறோம்? இந்தாங்க நோட்டு. இனிமே நீங்களே எழுதுங்க. எங் கையால எழுத மாட்டேன்."

நோட்டு அவர் காலடியில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. அந்தோணிராஜ், பொம்பள பேச்செல்லாம் கேட்டுட்டு நிக்க முடியுமா என்று என் தோளைத் தள்ளிக்கொண்டு உள்ளே கால் வைத்து, கொட்டாங்கச்சியை நோக்கிக் கையை நீட்டினார். குஞ்சு பயந்து வாயைத் திறந்தது. அதுவரை எந்தக் காதுக்கும் கேட்காத அதன் சத்தம் அன்றைக்குக் கேட்டது, கண்ணாடியில் நகம் இழுத்த மாதிரி ஒரு சின்னக் கீச்சுச் சத்தம்.

அந்தோணிராஜின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் முதலில் இடது பக்கமும் பிறகு வலது பக்கமும் வட்டமாக நனைந்தது. அவர் குனிந்து பார்த்தார். மழையா என்று மேலே பார்த்தார். பிறகு உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியாரின் வெள்ளைச் சட்டை வயிறு வரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எட்டு ஆண்களுக்கும் சுரந்துகொண்டிருந்தது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை வரும்போது நெஞ்சுக்குள் ஊசி இறங்குகிற மாதிரி இருக்கும், அதை நிறுத்த உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருக்கும், அது பசித்த வாய். அந்தோணிராஜ் பசை அட்டையை இரண்டாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அது சட்டையோடு ஒட்டிக்கொண்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. எட்டுப் பேரும் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு, நன்மை வாங்கித் திரும்புகிறவர்கள் மாதிரித் தலையைக் குனிந்து வரிசையாகப் போனார்கள்.

மறுநாள் பூக்காரர் கொண்டுவந்த கூடை எதிர்வரிசையிலேயே காலியானது. ஆண்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு நடந்தார்கள், டீக்கடையில் அந்த வாரம் யாரும் அரசியல் பேசவில்லை. இரண்டு நாள் தாங்கினார்கள். மூன்றாம் நாள் விடிந்தபோது பதினேழாம் நம்பர் வாசலில் மூடி போட்ட டம்ளர்கள் வரிசையாக இருந்தன, எது யாருடையது என்று பெயர் இல்லை. குஞ்சுக்கு வேண்டியது ஒரு தடவைக்கு நாலு சொட்டு. அருளாயி வெளியே வந்து டம்ளர்களைப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "கேட்டப்ப ஒரு வாய் இல்லாம போச்சு" என்றாள். பிறகு முதல் டம்ளரில் திரியை நனைத்துக்கொண்டு உள்ளே போனாள். மீதியை அவரவர்கள் வந்து எடுத்துப் போனார்கள்.

பத்தாம் தேதி வாக்கில் குஞ்சு கண் திறந்தது, மிளகு மாதிரி இரண்டு கண்கள். அன்று அருளாயி வைத்த ஒரு பருக்கைச் சோற்றைத் தானே கடித்துத் தின்றது. அந்த நிமிஷமே எங்கள் எல்லோருக்கும் பால் வற்றியது, நெஞ்சு காற்றுப் போன பை மாதிரி ஆயிற்று. அருளாயிக்குக் கடைசிவரை சுரக்கவே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அவளுக்கும் சுரந்தது என்று இப்போது டீச்சர் எல்லோரிடமும் சொல்லி வருகிறார். அப்படிச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு நன்றிப் பூசை வைத்தார்கள். உபதேசியார் மன்றாட்டு வாசித்தார். நம் காலனியைப் பிடித்திருந்த சோதனையை நம் ஜெபத்தினால் நீக்கிய ஆண்டவருக்கு நன்றி சொல்வோம் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். குஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதற்கு ஊட்டியவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பால் வற்றிப் பத்து நாள்கூட ஆகவில்லை. நான் நடுப் பூசையில் எழுந்தேன். ஐம்பத்தெட்டு வயசில் நடுப் பூசையில் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. பங்குச்சாமி பார்த்தார், பார்க்கட்டும் என்று நடந்தேன்.

அருளாயி தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். திறந்த உள்ளங்கையில் நாலைந்து பருக்கை, அதன் நடுவில் எலி. இப்போது அது குஞ்சு இல்லை. வால் அவள் மணிக்கட்டைச் சுற்றிக் கிடந்தது. நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டுதான் போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பேசாதீங்க. சத்தம் கேட்டா ஓடிரும். சாப்பிடுது."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு, அது சாப்பிட்டு முடிக்கிறவரை, தெருவில் நின்றேன்.